நீள விசில்

கிரஷரின் பெல்ட் அறுந்ததால்தான் அவர்கள் நகரம் பார்க்கப் போனார்கள். இல்லாவிட்டால் வெடிக்காரருக்கு ஏது லீவு? கல்லை அரைக்கிற அந்த இயந்திரம் ஓடினால் அதற்குத் தீனி போட வேண்டும். தீனிக்குப் பாறையைப் பிளக்க வேண்டும். பிளக்க இவர் வேண்டும். புது பெல்ட் வந்து சேர இரண்டு நாளாகும் என்று மேனேஜர் சொன்னதை இவர் வீட்டில் வந்து சொல்லி முடிப்பதற்குள், மனைவி பரணிலிருந்து பையை இறக்கித் தூசி தட்டிவிட்டாள்.

அவசரத்துக்குக் காரணம் பெரியவன். லீவுக்கு யார் யார் எங்கே போனீர்கள் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டபோது, நகரத்துக்குப் போய் இருப்பதிலேயே உயரமான கட்டடத்தைப் பார்த்தேன் என்று புளுகியிருக்கிறான். எவ்வளவு உயரம் என்று டீச்சர் விடாமல் கேட்டிருக்கிறார். எங்கள் குவாரிக் குழியைத் தூக்கி நிமிர்த்தி வைத்த மாதிரி என்று இவன் சொல்ல, வகுப்பே சிரித்துவிட்டது. விஷயம் வீட்டுக்கு வந்ததும் வெடிக்காரர் கையை ஓங்கினார். மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"புளுகுறதுக்காவது அவன் ஒரு தடவை பாத்திருக்க வேணாமா?" என்று கேட்டாள். 

நகரத்தில் அவள் தம்பி இருந்தான். ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறான். மேலே போய்க் கீழே வருவதே பிழைப்பு என்றாலும், அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் நகரமே தன் பொறுப்பில் இருப்பதுபோலப் பேசுவான். வாங்க வாங்க என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், உண்மையிலேயே வருகிறார்கள் என்று தெரிந்ததும் கொஞ்சம் திணறித்தான் போனான். ஆனாலும் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் நிலையத்துக்கே வந்து நின்றான்.

கிளம்புவதற்கு முன் வெடிக்காரர் செய்த ஒரே காரியம், கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி ஆபீஸ் ஆணியில் மாட்டியதுதான். விசில் குவாரியை விட்டு வெளியே போகக் கூடாது. அது அவரே போட்ட சட்டம். பஸ்ஸில் போகும்போது கை அடிக்கடி நெஞ்சுக்குப் போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பியது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, தாலி கழன்றவள்கூட இப்படித் தடவிப் பார்க்க மாட்டாள் என்று கேலி செய்தாள்.

அவளுக்குக் கேலி. ஆனால் குவாரியில் விசில் விளையாட்டல்ல. பாறையில் துளை போட்டு, வெடிமருந்தை இறக்கி, மேலே களிமண்ணை இடித்து அடைத்து, திரியைக் கொளுத்துவதற்கு முன் அவர் மூன்று தடவை வெட்டி வெட்டி ஊதுவார். கேட்டதும் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடி ஒளிய வேண்டும். மரத்தடியும் கூரைக் கொட்டகையும் உதவாது. தலைக்கு மேலே இரும்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் இருக்க வேண்டும். லாரிக்கு அடியிலோ சிறு பாலத்துக்கு அடியிலோ குந்தி, இரண்டு கையையும் தலைமேல் கவிழ்த்து உட்கார வேண்டும். அப்புறம் அவர் வெடிச் சத்தத்தை எண்ணுவார். எத்தனை துளையோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது உள்ளே உறங்குகிறது என்று அர்த்தம். அது விழிக்கிற வரைக்கும், அல்லது செத்துவிட்டது என்று உறுதியாகிற வரைக்கும் காத்திருப்பார். வெயிலானாலும் பசியானாலும் அதுவரை ஒருவரும் அசையக் கூடாது. எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு ஒரே மூச்சில் நீளமாக ஊதுவார். அந்த நீள விசிலுக்குத்தான் வெளியே வரலாம்.

ஒரு தடவை லாரி டிரைவரின் மகன் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டான். அம்மா கூப்பிட்டாள் என்று வந்தான். சாப்பிடத்தான் கூப்பிட்டாள், பாவம். உறங்கிக்கொண்டிருந்த வெடி அந்த நேரம் பார்த்து விழித்தது. பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கி வந்து தாயின் முன்னால் வைத்தவர் வெடிக்காரர். அதன்பிறகு குவாரி வீடுகளில் இருந்த பிள்ளைகளையெல்லாம் வரிசையாக நிறுத்திப் புதிதாக ஒன்று சொல்லிக்கொடுத்தார்.

"யார் கூப்பிட்டாலும் வரக் கூடாது. பதில்கூடப் பேசக் கூடாது. உங்கம்மா கூப்பிட்டாலும் வராத. நானே வந்து அழுது கூப்பிட்டாலும் வராத. நீள விசில் வந்தாத்தான் வரணும்."

தன் பிள்ளைகளுக்கு இதைச் சோற்றோடு சேர்த்து ஊட்டினார். சின்னவள், எல்லோரும் பொடிசு என்று கூப்பிடுகிறவள், சொன்ன பேச்சை அப்படியே பிடித்துக்கொள்கிற ஜாதி. ஒருநாள் சோதித்துப் பார்க்க, இரண்டு விசிலுக்கும் நடுவில் லாரிக்கு அடியில் குந்தியிருந்தவளை மிட்டாயை நீட்டிக் கூப்பிட்டார். மிட்டாயையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், தலைமேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. அன்றைக்கு வெடிக்காரர் தலைகால் தெரியாமல் பூரித்துப்போய், குவாரி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நகரத்தில் முதலில் அந்த உயரமான கட்டடத்தைத்தான் பார்த்தார்கள். பெரியவன் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, தான் சொன்னது புளுகு இல்லை, கிட்டத்தட்ட குழி அளவுதான் என்று தீர்ப்புச் சொன்னான். மாமா வேலை பார்ப்பதும் அங்கேதான். தன் லிஃப்டில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோய்க் காட்டினான். மேலே காற்று அடித்தது. பொடிசு கீழே எட்டிப் பார்த்து, இங்கே கல் எங்கே இருக்கிறது, இந்த வீடெல்லாம் எதில் கட்டினார்கள் என்று கேட்டாள். நம்ம கல்லுதாண்டி எல்லாம் என்று வெடிக்காரர் சொன்னபோது அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை சாலைக்கு வந்ததும் போயிற்று. நாற்சந்தியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்த வெட்டி வெட்டி ஊதினார். திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு பிள்ளைகளையும் காணோம். ஓரமாக நின்றிருந்த வேனுக்கு அடியில் தலைமேல் கையோடு குந்தியிருந்தார்கள். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெடிக்காரருக்கு முகம் கொதித்தது. கூட்டத்தோடு சேர்ந்து தானும் சிரித்த மாதிரி காட்டிக்கொண்டு, குனிந்து இருவரையும் இழுத்தார். பொடிசு வரவில்லை, அவளைக் காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"இது நம்ம விசில் இல்ல. இங்க எல்லாத்துக்கும் ஊதுவாங்க. ஓடக் கூடாது, தெரிஞ்சுதா?"

"நம்ம விசில்னு எப்படிப்பா தெரியும்?" என்று பொடிசு கேட்டாள்.

அதற்குள் வண்டிகள் நின்றுவிட்டன. மாமா எல்லோரையும் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தான். 

மத்தியானம் ஒரு பெரிய பூங்காவுக்குப் போனார்கள். நடுவில் நீரூற்று, சுற்றிலும் புல்வெளி, ஓரத்தில் காட்சிக்காக நிறுத்திய ஒரு பழைய ரயில் இன்ஜின். பிள்ளைகள் இன்ஜின்மேல் ஏறி இறங்கி, கரி அள்ளிப் போடுகிற சின்ன இரும்புக் கதவைத் திறந்து மூடி விளையாடினார்கள். மனைவி இன்ஜினுக்கு எதிரே இருந்த பெஞ்சில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். வெயிலில் வந்த களைப்பு, வயிறு நிறைந்த மயக்கம், போதாக்குறைக்குக் கிரஷர் சத்தமே இல்லாத மத்தியானம். வெடிக்காரர் புல்லில் சாய்ந்தவர் அப்படியே கண்ணசந்துவிட்டார். அக்காவும் தம்பியும் குடும்பக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

மனைவி உலுக்கி எழுப்பினாள். பொடிசைக் காணோம்.

முதலில் யாரும் பதறவில்லை. இங்கேதான் இருப்பாள், எங்கே போவாள் என்றுதான் பேச்சு. நீரூற்றைச் சுற்றி வந்தார்கள். ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் பார்த்தார்கள். கழிப்பறைக்கு மனைவி ஓடினாள். ஒவ்வோர் இடமாக இல்லை இல்லை என்று ஆக ஆக, அவர்கள் குரல் உயர்ந்துகொண்டே போனது. வெடிக்காரர் கூட்டத்தில் போகிற சின்னப் பெண்களையெல்லாம் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தகப்பன் அவர் கையைத் தட்டிவிட்டான். மாமா பூங்கா அலுவலகத்துக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் மைக்கில், மஞ்சள் சட்டை போட்ட பெண் குழந்தை எங்கிருந்தாலும் அலுவலகத்துக்கு வரவும் என்று அறிவித்தார்கள். மனைவியே மைக்கை வாங்கி, வாடா கண்ணு, அம்மா இங்க இருக்கேன் என்று சொல்லிப் பாதியில் உடைந்து போனாள்.

பெரியவன் மட்டும் பெஞ்சைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தான். வெடிக்காரர் அவன் தோளைப் பிடித்து, நீ பார்த்தாயா என்று கேட்டார். அவன் கால் கட்டைவிரலால் புல்லைக் கிள்ளிக்கொண்டே சொன்னான்.

"விசில் ஊதினாங்கப்பா. மூணு தடவ. சுவத்துமேல ஏறின பசங்கள இறங்கச் சொல்லி ஊதினாங்க. அவ ஓடினா."

"எங்கடா ஓடினா?"

"நான் பாக்கல. தலையத் திருப்பிக்கிட்டேன். காலைல எல்லாரும் சிரிச்சாங்கல்ல? அதான் நான் ஓடல."

வெடிக்காரர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மட்டும் தேடிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அவள் இங்கேதான், காது கேட்கிற தூரத்தில், எங்கேயோ இரும்புக்கோ கல்லுக்கோ அடியில் இருக்கிறாள். மைக்கில் அம்மா அழுததையும் கேட்டிருப்பாள். கேட்டுவிட்டுக் கையை இன்னும் கெட்டியாகத் தலைமேல் வைத்திருப்பாள். எவன் சொல்லிக் கொடுத்தானோ அவனே வந்து கூப்பிட்டாலும் வர மாட்டாள்.

அப்படியும் கூப்பிட்டார். கூப்பிடாமல் இருக்க முடியுமா? இரும்பு எங்கே, கல் எங்கே என்று பார்த்து ஓடினார். சாக்கடைப் பாலத்துக்குள் தலையை விட்டார். சிலையின் பீடத்தைச் சுற்றினார். இன்ஜின் சக்கரங்களுக்கு நடுவே தவழ்ந்து பார்த்தார். மேலே ஏறி நின்று, பொடிசு, பொடிசு, அப்பா கூப்பிடறேண்டா, வெடி இல்லடா, வந்துடுடா என்று கத்தினார். பக்கத்திலேயே அந்தச் சின்ன இரும்புக் கதவு துருப்பிடித்து மூடிக் கிடந்தது. அவர் தோள் நுழையாத கதவு. பிள்ளைகள் திறந்து மூடி விளையாடியதை அவர் கவனித்திருக்கவில்லை. அதைத் தாண்டிப் பார்வை போய்விட்டது. கத்திக் கத்திக் கடைசியில் அழுகை வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் சேர்ந்தது.

விசில் ஒன்று வேண்டும். நெஞ்சுக்குப் போன கை வெறுமனே திரும்பியது. பலூன்காரனிடம் ஒரு பிளாஸ்டிக் விசிலை வாங்கி ஊதினார். அது குருவிக் குஞ்சு மாதிரி கத்தியது. வேறு யார் யார் பிள்ளைகளோ திரும்பிப் பார்த்தார்கள். விரலை வாயில் வைத்து ஊதினார், காற்றுதான் வந்தது. இதற்கு நடுவில் நீரூற்றுப் பக்கம் காவலாளி யாரையோ விரட்ட மறுபடி வெட்டி ஊத, வெடிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். ஒவ்வொரு ஊதலுக்கும் அவள் முதலிலிருந்து காத்திருக்கத் தொடங்குவாள்.

காவலாளிகளுக்குத் தலைவராக ஒரு மீசைக்காரர் இருந்தார். வெடிக்காரர் அவரிடம் ஓடி, விஷயத்தைக் கோர்வையில்லாமல் கொட்டினார். குவாரி, வெடி, திரி, லாரி டிரைவர் மகன் எல்லாம் கலந்து வந்தது. மீசைக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். பாதி புரிந்தது போலிருந்தது.

"இப்ப என்ன செய்யணும்கிறீங்க?"

"ஒரே ஒரு தடவ நீளமா ஊதணும். உங்க ஆளுங்க யாரும் குறுக்க ஊதக் கூடாது. அவ்வளவுதாங்க."

மீசைக்காரர் முடியாது என்று தலையை ஆட்டினார். "நீளமா ஊதினா இங்க கேட்டை மூடறோம்னு அர்த்தம். இவ்வளவு ஜனமும் வாசலுக்கு ஓடும். போன தடவ எவனோ தெரியாம ஊதி, வாசல்ல விழுந்து மிதிபட்டாங்க. மூடற நேரத்துலதான் ஊத முடியும். அதுவரைக்கும் தேடுங்க, என் ஆளுங்களும் தேடறாங்க."

மனைவி அவர் காலில் விழப் போனாள். நீங்களும் கேளுங்க, கையைப் பிடிச்சுக் கேளுங்க என்று புருஷனைத் தள்ளினாள். வெடிக்காரர் அசையவில்லை. குவாரியில் முதலாளியின் விருந்தாளி ஒருவர், காரை எடுக்க வேண்டும், சீக்கிரம் ஊதிவிடப்பா என்று ஒருநாள் தோளில் கைபோட்டுச் சொன்னார். இவர் கையை எடுத்துவிட்டு, ஒரு சத்தம் பாக்கி இருக்கிறது என்று சொல்லி வெயிலில் நிற்க வைத்தார். முதலாளியே திட்டியும் ஊதவில்லை. இந்த மீசைக்காரர் இடத்தில் இருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார். அதனால் கெஞ்சக்கூட வாய் வரவில்லை.

காத்திருந்தார்கள். மாமா போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சிரிப்பெல்லாம் வடிந்த முகத்தோடு வந்து நின்றான். மனைவி இன்ஜினுக்கு எதிரே இருந்த அதே பெஞ்சில் உட்கார்ந்து, எச்சில் இலையைக்கூட எடுக்காமல், ஒளிஞ்சிருக்காளா, எவனாவது தூக்கிட்டுப் போயிட்டானா என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். ஒளிஞ்சுதான் இருக்கா என்றார் வெடிக்காரர். அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். ஆனால் உள்ளுக்குள் அவருடைய வேண்டுதல் எல்லாம் அது ஒன்றுதான். தான் சொல்லிக் கொடுத்ததை அவள் மறந்திருக்கக் கூடாது. குரல் கேட்டு வெளியே வருகிற பிள்ளையாக இருந்திருந்தால், வேறு எவன் குரலுக்கும் போயிருப்பாளே.

வெயில் தாழ்ந்தது. மூடும் நேரம் வந்ததும் மீசைக்காரர் சொன்னபடி நீளமாக ஊதினார். ஜனம் எழுந்து, பாயை உதறி, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நகர்ந்தது. வெடிக்காரர் கண்ணை இமைக்காமல் நாலாபுறமும் பார்த்தார். எங்கோ ஒரு மஞ்சள் அசைந்த மாதிரி இருந்தது. அதற்குள் மற்ற காவலாளிகள் கூட்டத்தை விரட்ட, பழக்கதோஷத்தில் வெட்டி வெட்டி ஊதத் தொடங்கிவிட்டார்கள். எல்லாப் பக்கமும் விசில். ஊதாதீங்க, ஊதாதீங்க என்று அவர் கத்தியது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

பூங்கா காலியானது. காவலாளிகள் அடங்கினார்கள். மீசைக்காரர் அருகே வந்து நின்றார். தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, எச்சிலைச் சட்டையில் துடைத்து நீட்டினார்.

"உங்க பொண்ணு உங்க ஊதலுக்குத்தான் பழகியிருக்கும். நீங்களே ஊதுங்க."

வெடிக்காரர் வாங்கினார்.  மூச்சை இழுத்து, குவாரியில் ஊதுகிற மாதிரியே ஊதினார். மூச்சு தீர்ந்து நெஞ்சு வலிக்கிற வரைக்கும் ஊதினார்.

இன்ஜினில் இரும்பு கிறீச்சிட்டது. அந்தச் சின்னக் கதவு திறந்து, ஒரு கால் வந்தது. பிறகு இன்னொன்று. துருவும் கரியுமாகப் பொடிசு இறங்கி வந்து சட்டையைத் தட்டிக்கொண்டாள். அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரம்தான். மனைவி ஓடிப்போய் அடித்தாளா அணைத்தாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் செய்தாள். பெரியவன் இப்போதுதான் அழத் தொடங்கினான்.

பொடிசு அம்மாவின் தோளுக்கு மேலாக அப்பாவைப் பார்த்தாள். முகமெல்லாம் கரி, கண்ணில் மட்டும் பெருமை.

"நீ மேல நின்னு கூப்ட்டப்பா. அழுதுகூடக் கூப்ட்ட. நான் வரலையே. தாகம் எடுத்துச்சு, அப்பவும் வரல. சரிதானப்பா?"

 மனைவி முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்து, இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாரு. இனிமே அம்மா கூப்பிட்டா வரணும். அப்பா கூப்பிட்டா வரணும். விசிலாவது மண்ணாவது. தெரிஞ்சுதா?"

பொடிசு அப்பாவைப் பார்த்தாள். மனைவியும் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுங்க. வரணும்னு உங்க வாயால சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். பெல்ட் இந்நேரம் வந்து மாட்டியிருப்பார்கள். விடிந்தால் துளைகள் தயாராக இருக்கும். சமையல் நேரம் பார்த்து யாராவது ஒரு தாய் யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிடுவாள்.

"நாளைக்கு வெடி இருக்கு," என்றார் மனைவியிடம். பிறகு மகளைப் பார்த்து, "சரியாத்தான் செஞ்ச," என்றார். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாடு, பாறையில் துளை போடும்போதுகூடப் பட்டதில்லை.

மனைவி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். மாமாவும் பெரியவனும் பின்னால் போனார்கள். வெடிக்காரர் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைசியாக வந்தார். அவர்கள் வாசலைத் தாண்டும்போது வெளியே சாலையில் போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்த மூன்று தடவை வெட்டி ஊதினார். பொடிசு அம்மாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கப் பார்த்தாள். அம்மா இறுக்கிப் பிடித்தாள். விடும்மா, விடும்மா என்று அவள் உடம்பை வளைத்துத் திமிறினாள்.

வெடிக்காரர் ஓடிப்போய்த் தன் இரண்டு கையையும் அவள் தலைமேல் கவிழ்த்தார். அவள் அடங்கினாள். அப்படியே எல்லோரும் சாலையைக் கடந்து பஸ் நிலையம் வரை நடந்தார்கள். வழியெல்லாம் யாராவது எதற்காவது ஊதிக்கொண்டுதான் இருந்தார்கள். கையை எப்போது எடுக்கலாம் என்று அவருக்குத் தெரியவில்லை.